ஆங்கிலம் தெரிந்தால் டச்சு சுலபமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தின் வழியாக டச்சு மொழிக்குள் நுழைகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. டச்சுச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன், உச்சரிப்பு தோராயமானது. ‘ஃக’ என்று வரும் இடமெல்லாம் தொண்டையில் உரசி வரும் ஒலி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டச்சு எங்கெல்லாம் பேசப்படுகிறது?

நெதர்லாந்திலும், பெல்ஜியத்தின் வட பாதியான ஃபிளாண்டர்ஸிலும். தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் சுமார் 2.4 கோடிப் பேர். தென் அமெரிக்காவின் சுரினாமிலும், கரீபியன் தீவுகளான அரூபா, குராசாவ், சின்ட் மார்ட்டனிலும் அது ஆட்சிமொழி. ‘ஹாலந்து மொழி’ என்று நம் ஊரில் சொல்வது பழைய பழக்கம். ஹாலந்து என்பது உண்மையில் அந்நாட்டின் 12 மாகாணங்களில் இரண்டின் பெயர் மட்டுமே. மொழிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நேடர்லன்ட்ஸ்’.

ஆங்கிலம் தெரிந்தவருக்கு மிகச் சுலபமான மொழி என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் டச்சு மொழியை மிகக் குறைந்த காலத்தில் கற்கக்கூடிய மொழிகளின் வரிசையில், பிரெஞ்சு, ஸ்பானிஷுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது. ஜெர்மனுக்கு அதைவிடக் கூடுதல் வாரங்கள் ஒதுக்குகிறது. ஆங்கிலம், டச்சு, ஜெர்மன் மூன்றும் ஒரே குடும்பம். டச்சு நடுவில் நிற்கிறது, ஜெர்மனின் வேற்றுமை உருபுத் தொல்லை அதில் அநேகமாக உதிர்ந்துவிட்டது.

‘மெய்ன் ஹன்ட் இஸ் இன் வர்ம் வாட்டர்.’ இதற்கு அர்த்தம் சொல்லத் தேவையே இல்லை. என் கை வெதுவெதுப்பான தண்ணீரில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆப்பிளுக்கு ‘அப்பல்’, புத்தகத்துக்கு ‘பூக்’, பாலுக்கு ‘மெல்க்’. முதல் மாதம் இப்படியே ஜாலியாகப் போகும்.

கொடுக்கல் வாங்கலும் உண்டு. இன்றைய நியூயார்க், 1664ல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற டச்சு ஊர். பாஸ், குக்கி, கோல்ஸ்லா என்று அமெரிக்க ஆங்கிலத்தில் புழங்கும் சொற்கள் டச்சுக்காரர்கள் விட்டுப்போனவை. புரூக்ளினும் ஹார்லெமும் நெதர்லாந்து ஊர்ப்பெயர்கள். டெக், ஸ்கிப்பர், யாட் முதலியவை கப்பல் வழியாக இங்கிலாந்துக்குப் போனவை.

சிக்கல் சொற்களில் இல்லை. வாக்கியம் என்று வரும்போதுதான் ஆங்கிலம் கையை விரித்துவிடுகிறது. பல இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் அதிகம் உதவும் என்பது என் கட்சி. கீழே வரும் பதில்களில் அதைப் பார்க்கலாம்.

ஆங்கிலச் சொல்போல இருந்தால் அதே அர்த்தம் என்று நம்பலாமா?

நம்பிக் கெட்டவர்கள் நிறைய. ஆங்கிலத்தில் தேநீர்க் கோப்பையைக் குறிக்கும் ‘மக்’, அதே எழுத்துகளில் டச்சில் கொசு. ‘ரூம்’ என்று நாம் படிக்கும் சொல் அங்கே ‘ரோம்’, பாலேடு. ‘பிராண்ட்’ என்றால் தீ. ‘ஸ்லிம்’ என்றால் ஒல்லி இல்லை, புத்திசாலி. ‘ராம்ப்’ என்று எழுதியிருந்தால் சாய்தளத்தைத் தேடாதீர்கள், அது பேரழிவு. ‘வீ’ என்று உச்சரிக்கும் சொல் ஆங்கிலக் காதுக்கு ‘நாங்கள்’ மாதிரி விழும், உண்மையில் ‘யார்’.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆபத்தானவை இரண்டு. ஒன்று ‘இக் வில்’. ஆங்கிலப் பழக்கத்தில் எதிர்காலம் என்று நினைப்போம், அது ‘எனக்கு வேண்டும், நான் விரும்புகிறேன்’. இன்னொன்று ‘எவென்டுவேல்’. ஆங்கிலத்தில் ‘கடைசியில் நடந்தே தீரும்’ என்ற தொனி. டச்சில் ‘தேவைப்பட்டால், ஒருவேளை’. ஒப்பந்தத்தில் இந்தச் சொல் வந்தால் கிடைக்குமா கிடைக்காதா என்பதே மாறிப்போகும்.

அந்தத் தொண்டை ஒலியை எப்படிச் சொல்வது?

ஆங்கிலேயர் இதற்காகப் படும் பாடு பெரிது. நமக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. ‘அகம்’, ‘பகல்’ என்று வேகமாகச் சொல்லும்போது நடுவில் வரும் ‘க’ முழுவதும் அடைபடாமல் லேசாக உரசிக்கொண்டு போகிறதல்லவா? யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்னும் தெளிவாகக் கேட்கும். அந்த ‘க’வைச் சொல்லின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய வேலை முடிந்தது. ‘ஃகூட்’ என்றால் நல்லது.

நெதர்லாந்தின் வடக்கே இந்த ஒலி கரகரப்பாக, அடித்தொண்டையிலிருந்து வரும். தெற்கே பிராபன்ட், லிம்பர்க் மாகாணங்களிலும் ஃபிளாண்டர்ஸிலும் மென்மையாக வரும். அதை ‘மெல்லிய ஃகே’ என்றே அழைக்கிறார்கள். கற்பவருக்கு மெல்லியதே போதும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஹேக் நகரத்துக் கடற்கரை ஊரான ‘ஸ்ஃகேவனிங்கன்’ என்ற பெயரைச் சொல்லச் சொல்லி 1940ல் ஜெர்மன் உளவாளிகளை அடையாளம் கண்டார்கள் என்று ஒரு கதை அங்கே வழங்குகிறது. ஜெர்மன்காரர் அந்தத் தொடக்கத்தை ‘ஷே’ என்று சொல்லிவிடுவார்.

உயிரொலிகள்?

இங்கேதான் உண்மையான உழைப்பு. வாயை ‘ஈ’க்கு வைத்து உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவித்தால் ஓர் ஒலி. ‘ஏ’க்கு வைத்துக் குவித்தால் இன்னொன்று. ‘எய்’க்கு வைத்துக் குவித்தால் மூன்றாவது, வீடு என்ற சொல்லில் வருவது அதுதான். தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. நான் அதை ‘ஹௌஸ்’ என்று எழுதப்போகிறேன். அப்படியே உச்சரித்தால் புரியும், ஆனால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும்.

எழுத்துக்கூட்டல் ஏன் ஒருமையில் ஒன்று, பன்மையில் ஒன்று என்று மாறுகிறது?

ஆங்கில எழுத்துக்கூட்டலோடு ஒப்பிட்டால் டச்சு தங்கம். விதி ஒன்றே ஒன்று, குறில் நெடில் தெரிந்த தமிழருக்கு அது உடனே பிடிபடும். ‘மன்’ என்றால் ஆண், ‘மான்’ என்றால் நிலா. மெய்யில் முடியும் அசையில் நெடிலை இரட்டை உயிரெழுத்தால் காட்டுவார்கள். பன்மையில் ‘மானன்’ என்று அசை உயிரில் முடிந்தால் ஒற்றை எழுத்தே நெடிலாகிவிடும், இரட்டை தேவையில்லை. குறிலான ‘மன்’னைப் பன்மையாக்கும்போது அது நெடிலாகிவிடாமல் இருக்க மெய்யை இரட்டிப்பார்கள்.

சொல்லின் கடைசியில் வரும் டி, பி போன்ற அதிரும் ஒலிகள் அதிர்வை இழந்துவிடும் என்பது இன்னொரு செய்தி. நாய்க்கு எழுதுவது ‘ஹொண்ட்’, சொல்வது ‘ஹொன்ட்ட்’ என்பதுபோல வன்மையாக. பன்மையில் ‘ஹொண்டன்’ என்று மென்மை திரும்பிவிடும்.

அப்புறம் ஐ, ஜே இரண்டும் சேர்ந்து வரும் ஜோடி. அது ‘எய்’ என்ற ஒரே ஒலி. நெதர்லாந்தின் ‘எய்ஸல்மேர்’ ஏரியின் பெயர் அந்த ஜோடியில் தொடங்குவதால் இரண்டையுமே பெரிய எழுத்தில் எழுதுவார்கள். வரைபடத்தில் பார்த்துவிட்டு அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

‘டெ’, ‘ஹெட்’ எதற்கு எது?

ஆங்கிலத்தில் ‘தி’ என்ற ஒன்று செய்யும் வேலையை இங்கே இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலான சொற்களுக்கு ‘டெ’. மீதிக்கு ‘ஹெட்’. பன்மை எதுவானாலும் ‘டெ’. சிறுமை விகுதி பெற்ற சொல் எதுவானாலும் ‘ஹெட்’. அதனால்தான் பெண் பிள்ளை என்ற ‘மெய்ஷே’ இலக்கணப்படி அஃறிணைபோல ‘ஹெட்’ வாங்குகிறது.

மற்றதற்கெல்லாம் மனப்பாடம்தான் வழி. தவறினால் அர்த்தம் கெடாது. ஆனால் அது பெயரடையையும் தொட்டுவிடுகிறது. ஒரு பெரிய வீடு என்றால் ‘அன் ஃக்ரோட் ஹௌஸ்’, ஒரு பெரிய ஆள் என்றால் ‘அன் ஃக்ரோட்ட மன்’. வீடு ‘ஹெட்’ சொல் என்பதால் அங்கே அந்தக் கடைசி ‘அ’ இல்லை. அதே வீட்டை ‘அந்தப் பெரிய வீடு’ என்று சுட்டிச் சொன்னால் ‘அ’ வந்துவிடும். பல ஆண்டுகள் அங்கே இருப்பவர்களும் சறுக்கும் இடம் இது.

வாக்கிய அமைப்பு ஏன் இவ்வளவு குழப்புகிறது?

ஒரே மொழியில் இரண்டு ஒழுங்குகள் குடியிருப்பதால்.

முதல் ஒழுங்கு: தனி வாக்கியத்தில் வினைச்சொல்லுக்கு இரண்டாவது இடம், அதை யாருக்கும் விட்டுத்தராது. ‘இக் ஃகா மோர்ஃகன் நார் ஆம்ஸ்டர்டாம்’ என்றால் நான் நாளை ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறேன். ‘நாளை’யை முன்னால் போட ஆசைப்பட்டால் ‘மோர்ஃகன் ஃகா இக் நார் ஆம்ஸ்டர்டாம்’, அதாவது ‘நாளை போகிறேன் நான்’. எழுவாய் நகர்ந்து பின்னால் போகும், வினை அசையாது. ஆங்கிலத்தில் சிந்திப்பவர் ‘மோர்ஃகன் இக் ஃகா’ என்று சொல்லிவிடுவார். டச்சு ஆசிரியர்கள் அதிகம் திருத்தும் தவறு அநேகமாக இதுதான்.

இரண்டாவது ஒழுங்கு: ‘ஏனென்றால்’, ‘என்று’, ‘எப்போது’ போன்ற இணைப்புச் சொல்லுக்குப் பின் வரும் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்கு ஓடிவிடும். ‘ஓம்டட் இக் மோர்ஃகன் நார் ஆம்ஸ்டர்டாம் ஃகா.’ சொல்லுக்குச் சொல் போட்டால் ‘ஏனென்றால் நான் நாளை ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறேன்’. நம் வாக்கியமேதான்! காலம் முன்னால், இடம் பின்னால், வினை முடிவில். ஆங்கிலத்தில் இருந்து வருகிறவர்கள் இதற்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். தமிழில் யோசித்தாலே போதும் என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை.

சரி, தமிழும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. துணை வாக்கியத்தில் வினைகள் குவியும்போது. யான் என்பது இங்கே ஓர் ஆளின் பெயர், நம் பழைய ‘யான்’ இல்லை. ‘யான் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதை நான் பார்த்ததால்’ என்பதை டச்சில் ‘ஓம்டட் இக் யான் டெ கின்டரன் ஸஃக் லேரன் ஸ்வெம்மன்’ என்பார்கள். அதாவது ஏனென்றால், நான், யான், குழந்தைகள், பார்த்தேன், கற்பிக்க, நீந்த. ஆட்கள் எல்லாரும் முதலில் வரிசையாக நிற்கிறார்கள், அதற்கப்புறம் அவரவர் வினை அதே வரிசையில் வருகிறது. முதல் ஆளுக்கு முதல் வினை, இரண்டாம் ஆளுக்கு இரண்டாம் வினை. ஜெர்மனில் இது தலைகீழ், கடைசி ஆளின் வினை முதலில் வரும். நமக்கும் அதுவே இயல்பு. மொழிகளின் இலக்கணத்தை எளிய வகைக் கணித விதிகளாலேயே எழுதிவிட முடியுமா என்று 1980களில் மொழியியலாளர்கள் பெரிய விவாதம் நடத்தியபோது டச்சின் இந்தக் குறுக்குப் பின்னல் முக்கியமான சாட்சியாக நின்றது. பேசக் கற்பவர் இதை உருவாக்கக் கவலைப்பட வேண்டாம், காதில் விழுந்தால் புரிந்துகொள்ளும் அளவுக்கு இருந்தால் சரி.

ஒரு வினைச்சொல் பாதியாக உடைந்து வாக்கியத்தின் இரு முனையில் நிற்கிறதே?

பிரியும் வினைகள். தொலைபேசியில் கூப்பிடுவது ‘ஓப்பெல்லன்’. வாக்கியத்தில் ‘இக் பெல் யெ மோர்ஃகன் ஓப்’. தலையில் இருந்த ‘ஓப்’ கழன்று கடைசியில் போய் உட்கார்ந்துவிட்டது. இடையில் எவ்வளவு நீளமான சேதி வந்தாலும் அது காத்திருக்கும். எனவே ஒருவர் பேசி முடிக்கும்வரை வினை என்னவென்று முடிவுகட்டாதீர்கள். கடைசி வரை காத்திருப்பது தமிழனுக்குப் புதிதல்ல.

‘ஹல்ஃப் த்ரீ’ என்றால் மூன்றரையா?

இல்லை, இரண்டரை! மூன்றை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்று அவர்கள் கணக்கு. ‘ஹாஃப் த்ரீ’ என்று மூன்றரையைச் சொல்லிப் பழகிய பிரிட்டன்காரர் சரியாக ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். அதோடு நிற்காமல் அரை மணியையே மையமாக வைத்து நிமிடங்களையும் எண்ணுவார்கள். 2.20 என்பது ‘இரண்டரைக்குப் பத்து முன்’. 2.35 என்பது ‘இரண்டரைக்கு ஐந்து பின்’. மருத்துவரிடம் நேரம் வாங்கும்போது எண்ணாக எழுதித் தரச் சொல்வது உத்தமம்.

எண்களிலும் திருப்பம் உண்டு. 21ஐ ‘ஒன்றும் இருபதும்’ என்று சொல்வார்கள். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்லும்போது கை முதலில் தவறான இலக்கத்தை எழுதிவிடும்.

எல்லாச் சொல்லிலும் ‘யெ’ ஒட்டிக்கொண்டு வருகிறதே, அது என்ன?

டச்சின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன். சிறுமை விகுதி. வீடு ‘ஹௌஸ்’, சின்ன வீடு ‘ஹௌஷெ’. மரம் ‘போம்’, சின்ன மரம் ‘போம்ப்யெ’. ஆள் ‘மன்’, குட்டி ஆள் ‘மன்னட்யெ’. முன்னால் வரும் ஒலிக்கு ஏற்ப விகுதி உருமாறும். சந்தி படித்தவர்களுக்கு இது விளையாட்டு.

ஆனால் சிறிது என்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். பல சொற்களில் அது பொருளையே மாற்றுகிறது. ‘ப்ரோட்’ என்றால் முழு ரொட்டி, ‘ப்ரோட்யெ’ என்றால் மதியம் கடிக்கும் பன். ‘எய்ஸ்’ பனிக்கட்டி, ‘எய்ஷெ’ கையில் பிடித்துச் சாப்பிடும் ஐஸ்கிரீம். ‘டேலஃபோன்’ கருவி, ‘டேலஃபோன்ட்யெ’ ஒரு அழைப்பு. ‘கார்ட்’ அட்டை அல்லது வரைபடம், ‘கார்ட்யெ’ டிக்கெட்.

மற்ற இடங்களில் அது மனநிலை. ‘பீர்ட்யெ’ சாப்பிடலாம் என்றால் அளவு குறைவு என்று அர்த்தமில்லை, ஜாலியாக உட்காரலாம் என்று அர்த்தம். ‘ஒரு மணி நேரம்’ என்பதில் விகுதி சேர்த்தால் ‘ஒரு மணி நேரம்தானே, பரவாயில்லை’ என்ற தொனி. ஆனால் ஒருவரின் தொழிலையோ யோசனையையோ இப்படிக் குறுக்கிச் சொன்னால் மட்டம் தட்டுவதாகிவிடும். வினையடையிலும்கூட ஒட்டும்: ‘ஸஃக்ட்யெஸ்’ என்றால் மெதுவாக, சத்தமில்லாமல்.

‘டெ’யா ‘ஹெட்’டா என்று தெரியாவிட்டால் விகுதியைச் சேர்த்து ‘ஹெட்’ போட்டுத் தப்பிக்கலாம் என்று கேலியாகச் சொல்வார்கள். இலக்கணம் தப்பாது. ஆனால் அலுவலகக் கூட்டத்தில் குட்டி அறிக்கை, குட்டி பட்ஜெட் என்று பேசினால் மழலை மாதிரி இருக்கும்.

‘டோஃக்’, ‘வெல்’, ‘மார்’, ‘ஏவன்’, ‘ஹோர்’ — அகராதியில் பார்த்தும் புரியவில்லை.

அகராதியில் புரியாது, ஆங்கிலத்தில் விளக்கவும் வராது. தமிழில் ஒரு நிமிடம் போதும்.

‘யெ கோம்ட் டோஃக்?’ — வருவீங்கதானே? அந்தத் ‘தானே’தான் ‘டோஃக்’. ‘ஹெய் இஸ் வெல் ஆர்டிஃக்’ — ஆள் நல்லவர்தான். அந்தத் ‘தான்’ ஓர் ‘ஆனால்’ வரப்போவதை முன்கூட்டியே காட்டுகிறதல்லவா, ‘வெல்’லும் அப்படியே. ‘இல்லை’க்கு நேர் எதிராக ‘உண்டு, வரத்தான் செய்வேன்’ என்று அழுத்தவும் அதையே போடுவார்கள். ‘ஃகா மார் ஸிட்டன்’ — உட்காருங்களேன். இந்த ‘ஏன்’ இல்லாமல் வெறும் ‘ஃகா ஸிட்டன்’ என்றால் ‘உட்கார்’ என்ற கட்டளை. ‘ஏவன்’ என்பது நம் ‘கொஞ்சம்’: கொஞ்சம் உதவுகிறீர்களா? நேரமோ அளவோ அதில் இல்லை, மரியாதைதான் இருக்கிறது. ‘ஹோர்’ வாக்கியத்தின் கடைசியில் வந்து ‘பயப்படாதீங்க’ என்று தட்டிக்கொடுக்கும். ‘நே’ என்றால் இல்லை. ‘நே ஹோர்’ என்றால் அட, அதெல்லாம் இல்லை.

டச்சுக்காரர்கள் முகத்துக்கு நேரே பேசுகிறவர்கள் என்று பெயர் வாங்கியிருக்கிறார்கள். அவர்களது ஆங்கிலத்தைக் கேட்டு வந்த பெயர் அதில் பாதி என்று தோன்றுகிறது. ஆங்கிலத்துக்கு மாறும்போது இந்தக் குட்டிச் சொற்கள் எல்லாம் உதிர்ந்து, வெறும் எலும்பு மிஞ்சுகிறது.

‘எர்’?

‘அங்கே’, ‘அதில்’, ‘அவற்றில்’ என்று பல வேடம். எனக்கு மிகவும் பிடித்தது ‘எர் வோர்ட் ஃகெலஃகன்’. சிரிக்கிறவர் யார் என்று சொல்லாமல் ‘சிரிப்பு நடக்கிறது’ என்று சொல்லும் வாக்கியம். ஆங்கிலத்தில் இப்படி எழுவாயே இல்லாமல் செயப்பாட்டு வினை அமைக்க முடியாது.

நீ, நீங்கள் வேறுபாடு உண்டா?

உண்டு. ‘யெய்’ அல்லது சுருக்கமாக ‘யெ’ என்பது நீ. ‘ஊ’ என்று நாம் எழுதக்கூடிய, உதடு குவிந்த ஒரு ஒலி நீங்கள். ஆனால் நம் அளவுக்கு இல்லை. நெதர்லாந்து அலுவலகத்தில் மேலாளரையும் பெயர் சொல்லி ‘யெ’ என்றே பேசுவார்கள். அறிமுகமில்லாத முதியவர், மருத்துவர், அரசுக் கடிதம் என்றால் மரியாதை வடிவம். நமக்கு வாய் வராமல் தயங்கும், மரியாதை கூடிப்போனால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

நீளச் சொற்களை எப்படிப் படிப்பது?

பின்னாலிருந்து. ‘ஆர்பெய்ட்ஸ்-ஒன்-ஃகெஸ்ஃகிக்ட்-ஹெய்ட்ஸ்-வர்ஸேகரிங்’ என்று ஒரே சொல்லாக வரும். கடைசித் துண்டு காப்பீடு. முன்னால் இருப்பது வேலை செய்ய இயலாமை. ஆக, இயலாமைக் காப்பீடு. மெய்யெழுத்துக் குவியலுக்குப் பயமுறுத்த ‘அங்ஸ்ட்ஸ்ஃக்ரேவ்’ என்ற அலறலைக் காட்டுவார்கள், அதில் அடுத்தடுத்து எட்டு மெய்யெழுத்துகள்.

கெட்ட வார்த்தை தெரிந்துகொள்ள வேண்டுமா?

சொல்வதற்கு இல்லை, அடையாளம் காண. டச்சில் திட்டுவது நோய்களை வைத்து: காசநோய், டைபாய்டு, காலரா, அம்மை. புற்றுநோயை வைத்துத் திட்டுவது அங்கே மிகவும் கீழ்த்தரம், விளையாட்டாகக்கூட வாயில் வரக் கூடாது.

நான் டச்சில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்களே?

2012ல் ஐரோப்பிய ஆணையம் எடுத்த கணக்கெடுப்பில் நெதர்லாந்தில் பத்தில் ஒன்பது பேர் ஆங்கிலத்தில் உரையாட முடியும் என்றார்கள். உதவி செய்வதாக நினைத்து மாறிவிடுகிறார்கள். இந்த மொழியைக் கற்பதற்குப் பெரிய தடை இந்த உபசாரம்தான். நீங்கள் டச்சிலேயே தொடருங்கள், பழகிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆம்ஸ்டர்டாமின் நடுப்பகுதியைவிட சிற்றூர்ச் சந்தைகளிலும், பெரியவர்களிடமும் பலன் கிடைக்கும்.

பெல்ஜியத்தில் பேசுவது வேறு மொழியா?

எழுத்துமொழி ஒன்றே. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 1980ல் ஒப்பந்தம் போட்டு அமைத்த ‘டால்யூனி’ என்ற மொழி ஒன்றியம் இரு நாடுகளுக்கும் பொதுவான எழுத்துக்கூட்டலை வெளியிடுகிறது. பேச்சில் வேறுபாடு நன்றாகவே தெரியும். ‘லோப்பன்’ என்றால் நெதர்லாந்தில் நடப்பது, ஃபிளாண்டர்ஸில் பெரும்பாலும் ஓடுவது. ‘ஸ்ஃகோன்’ என்றால் நெதர்லாந்தில் சுத்தம், ஃபிளாண்டர்ஸில் அழகும்கூட. ‘நீ’க்கு ‘ஃகெ’ என்ற பழைய வடிவம் ஃபிளாண்டர்ஸில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு நாட்டுத் தொடரை மற்ற நாட்டில் ஒளிபரப்பும்போது துணையெழுத்து போடுவதும் உண்டு.

தமிழுக்கும் டச்சுக்கும் ஏதாவது தொடர்பு?

பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இலங்கையிலும் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரம் செய்தது. யாழ்ப்பாணக் கோட்டை 1658ல் அவர்கள் கைக்கு வந்தது, இலங்கைக் கரையோரத்தை 1796 வரை வைத்திருந்தார்கள். அவர்களது ‘டௌட்’ என்ற செப்புக்காசு நம் ‘துட்டு’. ‘கக்ஹௌஸ்’ நம் ‘கக்கூசு’. அலுவலகம் என்ற ‘கன்டோர்’ ஈழத்துக் ‘கந்தோர்’, அங்கே உறுதி எழுதுகிற ‘நொத்தாரிசு’ டச்சின் ‘நோட்டாரிஸ்’. டச்சு வகுப்பில் முதல் வாரத்திலேயே ‘கன்டோர்’ வந்துவிடும், யாழ்ப்பாணத்தார் சிரித்துக்கொள்ளலாம்.

டச்சு தெரிந்தால் ஆப்பிரிக்கான்ஸ் புரியுமா?

படித்தால் பெரும்பகுதி புரியும். 17ஆம் நூற்றாண்டில் கேப் டவுனில் குடியேறியவர்களின் டச்சிலிருந்து கிளைத்தது அது. வினைகள் ஆளுக்கேற்ப மாறுவதில்லை, ‘டெ’, ‘ஹெட்’ பிரிவும் கிடையாது, எல்லாவற்றுக்கும் ‘டீ’ மட்டும்தான். பதிலுக்கு எதிர்மறையை இரண்டு முறை சொல்ல வேண்டும், வாக்கியத்தின் கடைசியில் இன்னொரு ‘நீ’ வரும். நம் ‘நீ’ இல்லை, ‘இல்லை’.